நிழல் கேட்கும் ஃபிரிட்ஜ், வெயில் கேட்கும் பேனல்

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு மேற்கே கிளம்பினால், ஊர் என்று சொல்லத்தக்க அடுத்த ஊர் நார்ஸ்மன். நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர். ஐர் நெடுஞ்சாலை நல்லார்போர் சமவெளியைக் கடக்கும் அந்தத் தூரம் முழுவதிலும் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, தங்க நாலு அறை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ரோடுஹவுஸ்கள்தான் ஆங்காங்கே தட்டுப்படும். பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவுகூடக் கிடையாது. 2019 டிசம்பர் 19 அன்று நல்லார்போரில் வெப்பம் 49.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

மாநில எல்லையில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈ போன்ற பூச்சிகள் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக அதிகாரிகள் வண்டியின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். தக்காளி, ஆப்பிள், தேன் எதுவானாலும் அங்கேயே கொடுத்துவிட வேண்டியதுதான். பாலும் வெண்ணெயும் பயணத்தைத் தொடரலாம். கெட்டுப்போகாமல் தொடர வேண்டுமானால் அவை 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பது ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படைப் பாடம்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்து வீடாக்கப்பட்ட வேன்தான் கேம்பர்வேன். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் மாதக்கணக்கில் இப்படித்தான் நாட்டைச் சுற்றுகிறார்கள். வழியில் மின்கம்பம் கிடையாது, சுவரில் பிளக் பாயின்ட் கிடையாது. ஆனாலும் உள்ளே ஃபிரிட்ஜ் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் வருவது கூரைமேல் இருக்கும் சோலார் பேனலிலிருந்தும் படுக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்தும்.

வேனில் எல்.இ.டி. விளக்கு இருக்கும், போன் சார்ஜர் இருக்கும், தண்ணீர் பம்ப் இருக்கும். இவையெல்லாம் தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் தின்பவை. ஃபிரிட்ஜ் அப்படியல்ல. ஆள் தூங்கும்போதும் அது வேலை செய்யும், வண்டி நிற்கும்போதும் வேலை செய்யும், மழை பிடித்துக்கொண்டு வெயிலே இல்லாத நாளிலும் வேலை செய்யும். அதனால் கேம்பர்வேனுக்கு எத்தனை பேனல், எத்தனை பேட்டரி என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஃபிரிட்ஜிலிருந்தே தொடங்குகிறது.

மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த நிலப்பரப்பு குளிர்ச்சிக்கு வழி தேடியிருக்கிறது. நார்ஸ்மனுக்கு வடக்கே உள்ள கூல்கார்டியில் 1890களில் தங்க வேட்டை நடந்தது. உணவு கெடாமல் இருக்க அங்கே இரும்புச் சட்டத்தின்மேல் சாக்குத்துணியைப் போர்த்தி, மேலே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, துணி எப்போதும் ஈரமாக இருக்கும்படி செய்தார்கள். காற்று பட்டு ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிரும். ‘கூல்கார்டி சேஃப்’ என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. அதற்கும் முன்பாக, 1850களில், ஜீலாங் நகரின் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஹாரிசன் ஈதரை ஆவியாக்கிச் சுருக்கும் முறையில் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்றிருந்தார். இன்றைய கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்களின் அடிப்படை வேலைமுறையும் அதுதான்.

வேன்களுக்குள் முதலில் நுழைந்தது கம்ப்ரஸர் அல்ல. 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள், சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஃபிரிட்ஜை வடிவமைத்தார்கள். அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அது மீண்டும் திரவமாகி, ஹைட்ரஜன் வாயுவின் நடுவே ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். தேவை ஒரு சூடு மட்டுமே. அது எரிவாயுச் சுடராகவும் இருக்கலாம், மின்சாரத்தில் சூடாகும் கம்பியாகவும் இருக்கலாம். எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அந்த வடிவமைப்பின் உரிமையை வாங்கியது. எரிவாயு, 12 வோல்ட், வீட்டு மின்சாரம் என மூன்றிலும் ஓடும் ‘த்ரீ-வே’ ஃபிரிட்ஜ்கள் பல பத்தாண்டுகளாக வேன்களை ஆண்டது இப்படித்தான்.

சத்தமே போடாது என்பது அதன் பெரிய பலம். ஆனால் வண்டி சாய்வான இடத்தில் நின்றால் உள்ளே திரவம் சரியாக ஓடாது, குளிரும் குறையும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும் திணறும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் சுடரை அணைக்க வேண்டும். சிக்கலே 12 வோல்ட்டில்தான். அதன் சூடேற்றும் கம்பி 10 முதல் 15 ஆம்பியர் வரை இடைவிடாமல் இழுக்கும். 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) ஈய-அமில பேட்டரியில் பாதியைக் காலி செய்ய அதற்கு நாலைந்து மணி நேரம் போதும். அதனால் 12 வோல்ட் இணைப்பை இன்ஜின் ஓடும்போது மட்டுமே பயன்படுத்துவார்கள். சோலாரை நம்பி ஓட்டும் ஃபிரிட்ஜ் அது அல்ல.

சோலாரோடு சேர்ந்து வேலை செய்யும் நிலையை உண்டாக்கியது, 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் சிறு கம்ப்ரஸர்தான். டான்ஃபாஸ் நிறுவனத்தின் பி.டி.35 என்ற மாடல் இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த பெயர். அந்தப் பிரிவு 2010இல் கைமாறி, இப்போது செகாப் என்ற பெயரில் இயங்குகிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மின்னணுப் பெட்டி அதன் வேகத்தை நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து 3,500 சுற்றுவரை கூட்டிக் குறைக்கும். ஜப்பானின் சவாஃபுஜி தயாரிக்கும் எங்கெல் ஃபிரிட்ஜ்கள் வேறு வழியில் போயின. அவற்றின் கம்ப்ரஸரில் முன்னும் பின்னும் ஆடும் ஒரே ஒரு நகரும் பாகம்தான். குலுங்கும் மண்சாலைகளில் அந்த எளிமைக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இனி கணக்குக்கு வரலாம். 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்று ஓடும்போது ஏறத்தாழ 45 வாட், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது தொடர்ந்து ஓடாது. உள்ளே போதுமான குளிர் வந்ததும் நின்றுவிடும், வெப்பம் ஏறியதும் மறுபடி ஓடும். வெளியே 25 டிகிரி இருக்கும் நாளில் மணிக்கு 20 நிமிடம் ஓடினால், ஒரு நாளில் 8 மணி நேர ஓட்டம்; செலவு 32 ஏ.ஹெச். அதே ஃபிரிட்ஜ் 39 டிகிரி வெயிலில் மணிக்கு 40 நிமிடம் ஓட வேண்டி வந்தால் செலவு 64 ஏ.ஹெச். ஆகிவிடும். உள்ளே 4 டிகிரி. வெளியோடு வித்தியாசம் 21 டிகிரியிலிருந்து 35 டிகிரியாகும்போது உள்ளே கசியும் வெப்பமும் அதே அளவு கூடுகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டும் வெளிக்காற்றே சூடாக இருப்பதால் கம்ப்ரஸரின் திறனும் குறைகிறது. அடி இரண்டு பக்கமும்.

செலவைக் குறைக்கும் வழிகளில் பல, காசே கேட்காதவை. 30 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும் ஆறு லிட்டர் தண்ணீரை 4 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 180 வாட்-மணி வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். சிறு கம்ப்ரஸருக்கு அதற்கு ஏறத்தாழ 10 ஏ.ஹெச். செலவாகும். மிதமான நாளின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு ஆறே பாட்டில்களுக்குப் போய்விடுகிறது! கிளம்புவதற்கு முந்தைய நாளே ஃபிரிட்ஜை வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, குளிர்ந்த பொருள்களாலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர்களின் பேட்டரிக்கு முதல் நாளே பெரிய நிம்மதி. வழியில் வாங்கும் பானங்களை உள்ளே வைக்கச் சரியான நேரம் நண்பகல். அப்போதுதான் பேனல் தருவது பேட்டரிக்குப் போக மிச்சமிருக்கும்.

வடிவத்துக்கும் பங்கு உண்டு. மேலிருந்து திறக்கும் பெட்டி ஃபிரிட்ஜில் மூடியைத் தூக்கினாலும் கனமான குளிர்காற்று அடியிலேயே தங்கும். அலமாரிபோல் முன்பக்கம் திறப்பதில் கதவைத் திறந்ததும் அது காலடியில் கொட்டிவிடும். ஆனால் பெட்டியில் அடியிலிருக்கும் தயிரை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் வெளியே அடுக்க வேண்டும். அந்த அலுப்பால் வேனுக்குள் பலர் அலமாரி வகையையே விரும்புகிறார்கள். எதுவானாலும் பின்புறம் காற்றோட்டம் வேண்டும். மரக்கூண்டுக்குள் நெருக்கமாகச் சொருகப்பட்ட ஃபிரிட்ஜ், தான் வெளியே தள்ளிய சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, நடுவே கம்ப்யூட்டருக்குள் இருப்பதைப் போன்ற ஒரு சின்ன ஃபேன்: ஓட்ட நேரம் கண்கூடாகக் குறையும்.

பேட்டரி விஷயத்தில் நம் வீட்டு இன்வெர்ட்டர் பழக்கம் உதவும். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது. ஃபிரிட்ஜ் அதை இரவு முழுக்கச் சிறுகச் சிறுக உறிஞ்சினால் காலையில் வண்டி கிளம்பாது, சில மாதங்களில் பேட்டரியும் பாழாகும். அதனால் வேனில் இரண்டாவது பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் போல அது ஆழமாக இறங்கி ஏறப் பழகியது. அதிலும் ஈய-அமில வகையை 50 சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சுருங்கும். 100 ஏ.ஹெச். என்று மேலே அச்சடித்திருந்தாலும் கைக்கு வருவது 50தான். எடை மட்டும் 30 கிலோவை நெருங்கும்.

கடந்த சில ஆண்டுகளில் அந்த இடத்தை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பிடித்துக்கொண்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1990களில் அடையாளம் கண்ட பொருள் இது. லித்தியம் பேட்டரிக்கான பங்களிப்புக்காக 2019இல் நோபல் பரிசு பெற்றபோது குட்இனஃபுக்கு வயது 97. செல்போனில் இருக்கும் லித்தியம் வகைகளைவிட இது எளிதில் தீப்பற்றாதது. 100 ஏ.ஹெச். என்றால் 80 முதல் 90 வரை தாராளமாக எடுக்கலாம். எடை 12 கிலோ அளவே. ஆயிரக்கணக்கான முறை இறங்கி ஏறும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு லித்தியம் செய்யும் வேலைக்கு ஈய பேட்டரி இரண்டு வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் குறைகிறது. ஒரு நிபந்தனை உண்டு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும். நல்ல பேட்டரிகளுக்குள் இருக்கும் கண்காணிப்புச் சுற்று அந்த நேரத்தில் சார்ஜைத் தானே நிறுத்திவிடும்.

பேட்டரியும் பேனலும் சரியாக இருந்தும் நள்ளிரவில் ஃபிரிட்ஜ் நின்றுபோகும் புகார் ஒன்று அடிக்கடி எழும். குற்றவாளி பெரும்பாலும் ஒயர். பின்பக்கம் இருக்கும் பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 5 மீட்டர் என்றால், போகவும் வரவும் சேர்த்து மின்சாரம் 10 மீட்டர் ஓட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் காணாமல் போகும். வீட்டு 230 வோல்ட்டில் அரை வோல்ட் ஒரு பொருட்டே அல்ல. 12 வோல்ட்டில் அது 5 சதவீதம். பேட்டரியில் 12.2 வோல்ட் இருக்கிறது, அதாவது ஈய பேட்டரி பாதி நிறைந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் முனையில் தெரிவதோ 11.6. பேட்டரி அடியோடு வடிந்துவிடாமல் காக்க ஃபிரிட்ஜ்களில் ஒரு காவல் உண்டு. பல மாடல்களில் அதற்கு மூன்று நிலைகள். ‘ஹை’ நிலை 11.8 வோல்ட் அளவிலேயே இணைப்பைத் துண்டிக்கும். அது கார் ஸ்டார்ட் பேட்டரியைக் காப்பதற்கானது. அந்த நிலையில் வைத்துவிட்டால், பாதி நிறைந்த பேட்டரியைக் காலி என்று எண்ணி ஃபிரிட்ஜ் கண்ணை மூடிக்கொள்ளும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் நம்பத்தக்கதல்ல. குலுக்கலில் தளர்ந்து சூடாகும். ஆஸ்திரேலிய வேன்களில் அதற்குப் பதில் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக்கைத்தான் அதிகம் பார்க்கலாம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று ஃப்யூஸைத் தவிர்ப்பது ஆபத்து. ஒயரின் உறை தேய்ந்து வண்டியின் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்சாரம் பாயும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும்.

இப்போது வரவுப் பக்கம். 200 வாட் பேனல் என்றால் எப்போதும் 200 வாட் தராது. அந்த எண் 25 டிகிரி வெப்பமுள்ள செல்லில், உச்ச வெயிலில் அளந்தது. ஆஸ்திரேலியக் கோடையில் கூரைமேல் செல் 65 டிகிரிக்கு ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவில் திறன் குறைந்து, சுமார் 16 சதவீதம் அங்கேயே போய்விடும். பேனல் வெயிலை விரும்பும், ஆனால் வெக்கையை விரும்பாது. கூரையோடு ஒட்டாமல் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினால் அடியில் காற்று ஓடும்.

பேனலையும் பேட்டரியையும் இணைக்கும் கன்ட்ரோலரும் கவனிக்கத்தக்கது. 100 வாட் பேனல் பொதுவாக 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 5.5 ஆம்பியரை அப்படியே 13 வோல்ட் பேட்டரிக்குள் விடும். கிடைப்பது 72 வாட்தான். எம்.பி.பி.டி. வகையோ மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுத்துவிடும்.

எல்லாக் கழிவும் போக, தட்டையாகப் படுத்திருக்கும் பேனலிலிருந்து எழுதிய வாட்டில் 70 சதவீதத்தை எதிர்பார்ப்பது நியாயம். ஜூலையில் மேற்குக் கரையின் புரூமில் மழையற்ற காலம். நாளுக்கு 5 மணி நேர உச்ச வெயிலுக்கு ஈடாகக் கிடைக்கும். 200 வாட் பேனல் அங்கே 700 வாட்-மணி, அதாவது 58 ஏ.ஹெச். தரும். அதே ஜூலையில் மெல்போர்னில் குளிர்காலம், உச்ச வெயில் ஏறக்குறைய 2 மணி நேரமே. கிடைப்பது 23 ஏ.ஹெச். குளிரில் ஃபிரிட்ஜின் பசி குறையும் என்றாலும் வரவு அதைவிட வேகமாகக் குறைகிறது. குளிருக்குப் பயந்து மே மாதம் வடக்கே கிளம்பும் ஓய்வுபெற்ற தம்பதிகளின் பயணம் அவர்கள் பேனலுக்கும் தோதாகவே அமைகிறது.

ஆனால் கோடையில்தான் உண்மையான இழுபறி. ஃபிரிட்ஜ் குறைவாக ஓட வேண்டுமானால் வண்டி மரநிழலில் நிற்க வேண்டும். பேனலுக்கோ நிழலே ஆகாது. பேனலின் செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு செல்லின்மேல் கிளையின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் முடங்கும். அதைச் சுற்றிப் போக வழிவிடும் டயோடுகள் இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போய்விடும். இதற்கு வேன்காரர்கள் கண்ட தீர்வு மடிப்புப் பேனல். வண்டியை யூகலிப்டஸ் நிழலில் நிறுத்திவிட்டு, 10 மீட்டர் ஒயரோடு பேனலை மட்டும் வெயிலில் விரித்து, பொழுது சாயச் சாயத் திருப்பி வைப்பார்கள். சூரியனை நேராகப் பார்ப்பதால் குளிர்காலத்தில் கூரைப் பேனலைவிட அதிகமாகவே தரும். கன்ட்ரோலரைப் பேனல் பக்கம் வைக்காமல் பேட்டரி பக்கம் வைத்தால், நீண்ட ஒயரில் ஏற்படும் இழப்பால் சார்ஜ் அளவு ஏமாறாது.

மேகம் மூன்று நாள் விலகாவிட்டால்? இன்ஜின்தான் கை கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு இரண்டாவது பேட்டரியை ஒரு ரிலே வழியாக இணைத்தாலே போதுமானதாக இருந்தது. ஆனால் எரிபொருளை மிச்சப்படுத்த இன்றைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர்கள் வோல்ட்டைத் தாமாகவே தாழ்த்திவிடுகின்றன. இரண்டாவது பேட்டரி அரைகுறையாகத்தான் நிறையும். லித்தியமோ கிடைத்ததையெல்லாம் ஒரேயடியாக இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும். இரண்டுக்கும் மருந்து நடுவே பொருத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர். 25 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 50 ஏ.ஹெச். சேரும், கடும் வெயில் நாள் தவிர ஒரு நாள் ஃபிரிட்ஜுக்கு அது தாராளம்.

பேட்டரியே இல்லாமலும் இந்தக் கணக்கை ஈடுகட்டலாம் என்பதற்கு வேன்களுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. மின்சாரம் எட்டாத கிராமங்களில் தடுப்பூசி காக்க, பேனல் தரும் மின்சாரத்தில் பகலெல்லாம் பனிக்கட்டி உறையவைத்து, இரவிலும் மேகமூட்ட நாள்களிலும் அந்தக் குளிரிலேயே தாக்குப்பிடிக்கும் ஃபிரிட்ஜ்கள் வந்திருக்கின்றன. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் முதலியவை கைகோத்த சோலார்சில் திட்டம் அந்த வழியில் முன்னோடி. அதே தந்திரத்தைச் சிறிய அளவில் வேனிலும் செய்கிறார்கள். நண்பகலில் பேட்டரி நிறைந்து பேனல் சும்மா இருக்கும்போது தெர்மோஸ்டாட்டை 4 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்கு இறக்கி, ஃப்ரீஸர் பகுதியில் தண்ணீர் பாட்டில்களை உறையவைப்பார்கள். மாலையில் தெர்மோஸ்டாட்டைப் பழையபடி ஏற்றி, உறைந்த பாட்டில்களைக் கீழே பாலுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தால், பொழுது சாய்ந்து வெகுநேரம்வரை கம்ப்ரஸர் ஓட வேண்டிய தேவை குறைவு. காலையில் உருகியிருக்கும் பாட்டில்கள் மறுபடி ஃப்ரீஸருக்குள் போகும், பேனல்மேல் வெயில் ஏறிய பிறகு.